நான் காய்ச்சிய குதிகால் மருந்து

எங்கள் பக்கத்துப் பனியை வெளியூர்க்காரர்கள் யாரும் மதிப்பதில்லை. "காரைக்குடியில குளிரா?" என்று சிரிப்பார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்று பேர் வாங்கின குளிரெல்லாம் ஒரு கம்பளியைப் போர்த்தினால் அடங்கிவிடும். எங்கள் ஊர்க் குளிர் ஆளை நடுங்க வைக்காது. சத்தமில்லாமல் தோலை உரிக்கும். மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் விடியற்காலையில் பனி, பகலெல்லாம் காய்ந்த வாடைக்காற்று. இரண்டும் முறை வைத்துக்கொண்டு உடம்பில் உள்ள பசையை எல்லாம் உறிஞ்சிவிடும். முழங்காலுக்குக் கீழே தோல் வற்றிய கண்மாய் மாதிரி பாளம் பாளமாக ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் பலப்பம் இல்லாத நாளில் நான் ஈர்க்குச்சியால் காலிலேயே கணக்குப் போட்டிருக்கிறேன். வெள்ளை வெள்ளையாக அழகாக விழும். எச்சில் தொட்டு அழித்துவிட்டு அடுத்த கணக்கு. (விடை தப்பாகத்தான் வரும். அதற்குத் தோல் என்ன செய்யும்?)

கை, கால், கன்னத்தை எல்லாம் சமாளித்துவிடலாம். குளித்து ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தேய்த்தால் போதும். அந்த மாதத்தில் எண்ணெயும் புட்டிக்குள் உறைந்து கிடக்கும்; வெயிலில் வைத்து, உருகுகிற வரை காவல் இருக்க வேண்டும். உதடு வெடித்தால் நெய் தடவலாம், குழம்பில் காரம் பட்டால் கண்ணீர் விடலாம். ஆனால் இந்தக் குதிகால் இருக்கிறதே, அது யார் சொல்லையும் கேட்காது.

இவ்வளவு விவரமாக எழுதுகிறாளே, பெரிய வைத்தியச்சி போல என்று நினைத்துவிடாதீர்கள். என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் மருந்து காய்ச்சினேன். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யாரும் என் கையால் ஒரு சுக்குக் கசாயம்கூட வாங்கிக் குடித்தது கிடையாது.

அறுபதுகளின் கடைசி அது. நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் வாழ்க்கைப்பட்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை வள்ளிக்கண்ணு. எல்லோரும் நல்ல மனிதர்கள். நான்தான் வாய் இல்லாதவள். யாராவது என்னிடம் ஒன்று கேட்டால், கேட்டவரைப் பார்த்துப் பதில் சொல்ல வராது. பக்கத்தில் இருக்கிற தூணைப் பார்த்துச் சொல்வேன். ஒரு நாள் காயப்போட்ட நெல்லைப் பக்கத்து வீட்டு எருமை தின்றுகொண்டிருந்தது. கூச்சல் போட வெட்கப்பட்டுக்கொண்டு, முந்தானையைப் பல்லில் கடித்தபடி மாமனார் முன்னால் போய் நின்றேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்ப்பதற்குள் எருமை வயிறு நிறைந்து வீட்டுக்கே போய்விட்டது.

அந்தத் தையில் வள்ளிக்கண்ணுவுக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வள்ளிக்கண்ணுவும் ஒரு தேரோட்டத்தில் மாப்பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். "வடம் இழுக்கையில எல்லாரும் கத்துறாக மதினி, அவுக மட்டும் வாயத் தொறக்காம இழுத்தாக" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அதிலேயே மனதை முழுசாக விட்டுவிட்டாள் என்று தெரிந்தது. இனி மாப்பிள்ளையின் தாயார் வந்து பெண்ணைப் பார்த்துப் பூ வைத்துவிட்டால் முடிந்தது. அவர் பூ வைக்காமல் எழுந்து போனாலும் முடிந்தது.

அந்த அம்மாளைப் பற்றி வந்த சேதிதான் எங்கள் வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது. சம்பந்தம் பேசிய உறவுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்: "அந்தம்மா மொகத்தப் பாக்க மாட்டாக. பொண்ணு விழுந்து கும்புடும்ல, அப்பப் பின்னால இருந்து காலத்தான் பாப்பாக. குதிகால் சுத்தமா இருந்தா வீடு சுத்தமா இருக்கும்பாக. போன வருசம் ஒரு பொண்ண, 'கால்ல வெடிப்பு, கையில துடுக்கு'ன்னு சொல்லிட்டு வந்துட்டாக."

கையில் துடுக்கு என்றால் என்ன என்று எங்களுக்குப் புரியவில்லை. கால் வெடிப்பு புரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வள்ளிக்கண்ணுவின் காலைப் பார்த்தோம். அவள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அறுப்புக் காலம். பனியில் வரப்பு வரப்பாக நடந்த கால். வெடிப்பு என்றால் சாதாரண வெடிப்பு இல்லை, அதற்குள் ஒரு நெல்மணியைப் போட்டால் முளைத்துவிடும். பட்டுப் புடவையைக் கட்டிப் பார்த்தபோது சரிகை நூல் குதிகாலில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

என் மாமியார் வைத்தியத்தில் இறங்கினார். முதலில் விளக்கெண்ணெய். வள்ளிக்கண்ணு நடந்த இடமெல்லாம் வழுக்கி மாமனார் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தார். அடுத்தது வெண்ணெய். வெண்ணெய் தடவிக்கொண்டு மத்தியானம் கண்ணயர்ந்த பெண்ணின் குதிகாலை வீட்டுப் பூனை நக்க ஆரம்பித்தது. வெடிப்பில் பூனை நாக்கு பட்டால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். அவள் போட்ட சத்தத்தில் பூனை ஓடிப்போய் மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அடுத்து மருதாணி வைத்தார். வெடிப்பு அப்படியே இருந்தது, சிவப்பாக இருந்தது. முன்னே தெரியாதவர்களுக்கும் இப்போது நன்றாகத் தெரிந்தது.

"போச்சு, இனி சாக்கு மூட்டைக்குள்ள கால விட்டுக்கிட்டுத்தான் கும்புடணும்" என்று மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வள்ளிக்கண்ணு அடுப்படி மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த வீட்டில் என் வாயிலிருந்து முதல் யோசனை வந்தது. தூணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"குங்கிலியம் போட்டுக் காய்ச்சித் தடவுனா சரியாப்போகும். எங்கம்மா காய்ச்சும்."

வீடே திரும்பிப் பார்த்தது. மாமனார் வெற்றிலைச் சாற்றை விழுங்கிவிட்டார்.

"ஏத்தா அழகு, ஒனக்குக் காய்ச்சத் தெரியுமா?" என்று மாமியார் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் வினை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மா நல்லெண்ணெயைக் காய வைக்கும், பொடித்த குங்கிலியத்தைப் போடும், தேன்மெழுகைப் போடும், கிண்டி இறக்கும். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு குங்கிலியம் என்று கேட்டால் தெரியாது. அம்மா அளந்து போடுகிற நேரத்தில் எல்லாம் என்னை "கோழிய வெரட்டு" என்று வெளியே அனுப்பிவிடும். கோழி விரட்டத்தான் எனக்கு முழுசாகத் தெரியும். "அளவு தெரியாது, எங்கம்மாவைக் கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு இன்னொரு வாக்கியம் பேச வேண்டுமே!

என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக் காரைக்குடி போய் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கி வந்தார். மரத்துப் பிசின் அது, கற்கண்டு மாதிரி கட்டி கட்டியாக இருக்கும். கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டாராம். இவர், "பொண்ணு கல்யாணத்துக்கு" என்றாராம். சாம்பிராணிப் புகை போட என்று நினைத்தாரோ என்னவோ, ஊருக்கே காணும்படி கட்டிக் கொடுத்துவிட்டார்.

மாமியார் அடுப்பை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். (மருமகளுக்கு மாமியார் அடுப்பு விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது.) ஒரு குழிக்கரண்டி எண்ணெய் ஊற்றினேன். குங்கிலியத்தை இடித்து ஒரு கை போட்டேன். நன்றாகக் கரைந்தது. கரைகிறதே என்று இன்னொரு கை போட்டேன். அதுவும் கரைந்தது. மிச்சத்தை எதற்கு வைக்க வேண்டும்? பெரிய வெடிப்பு, பெரிய மருந்து என்று எல்லாவற்றையும் போட்டேன். வீட்டில் இருந்த தேன்மெழுகையும் போட்டேன். பார்ப்பதற்குத் தேன் மாதிரி இருந்தது. சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தேன்.

பூ வைக்க வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் வள்ளிக்கண்ணுவின் குதிகாலை வெந்நீரில் ஊற வைத்துத் துடைத்து, மருந்தைச் சூடு காட்டி இளக்கி, அப்பி, துணி சுற்றினேன். காலையில் அவிழ்த்துப் பார்த்தால், அடி அம்மா! வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. குதிகால் கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்தால் முகம் தெரியும்போல இருந்தது. பனிக் குளிரில் மருந்து இறுகி அப்படிப் பளபளத்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மாமியார் அந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இவள வாயில்லாப் பூச்சின்னுல நெனச்சேன். கைகாரியால இருக்கா!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. (வள்ளிக்கண்ணுவுக்கு ரொம்பப் பாவப்போகிறது என்பது பின்னால் வருகிறது.)

திருப்பத்தூர்க்காரர்கள் பொழுது ஏறுமுன்பே வில்வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார், கூட இரண்டு பெண்கள், கையில் கடிகாரம் கட்டிய தாய்மாமன். "ராகுகாலம் பொறக்குறதுக்குள்ள பூ வச்சுறணும்" என்று வண்டியை விட்டு இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மாள் நல்ல உயரம், காதில் தடிமனான தோடு. முகம் இறுகிப்போய் இருந்தது. "வாங்க மதினி, வாங்க" என்று மாமியார் ஓடினார். பதிலுக்கு ஒரு "ம்". "பிரயாணமெல்லாம் சொகமா இருந்துச்சா?" ஒரு "ம்". "தண்ணி குடிக்கிறீகளா?" தலையை மட்டும் ஆட்டினார். உதட்டில் ஒரு சிரிப்பு கிடையாது. என் மாமனார் மாட்டு வியாபாரத்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொன்னார். வந்த மற்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் உதட்டை இன்னும் அழுத்தி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"புடிக்கலை போலருக்கே" என்று மாமியார் அடுப்படிக்கு வந்து என் காதில் சொன்னார். வள்ளிக்கண்ணு காப்பித் தட்டைத் தூக்கினாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின.

"போ, போ. கும்புட்டதும் கால நல்லா நீட்டு" என்று அவளைத் தள்ளிவிட்டார்.

வள்ளிக்கண்ணு கூடத்துக்குள் அடி எடுத்து வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பச்சக்.

அடுத்த அடி. பச்சக்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அடுப்படியின் அனலில் நின்றதில் குதிகாலில் இறுகியிருந்த மருந்து இளகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் தரை அவள் காலைப் பிடித்து, பிடித்து, விடுகிறது. கூடம் அமைதியாக இருந்ததால் நன்றாகவே கேட்டது.

தாய்மாமன் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினார். "பல்லி சொல்லுது!"

"ஆமா, ஆமா" என்றார் மாமனார். "எங்குட்டு இருந்து சொல்லுது?"

"கெழக்க" என்றார் தாய்மாமன்.

பச்சக். பச்சக்.

"இல்ல, இப்ப இங்குட்டு நகந்துருச்சு. ரெட்டைப் பல்லியா இருக்கும். ரெட்டைப் பல்லி சொன்னா காரியம் கைகூடும்."

இரண்டு பேரும் அண்ணாந்து உத்தரத்தில் பல்லியைத் தேடினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று மாமியாரின் முந்தானையை இழுத்தேன். "அத்த…" என்றேன். "சும்மா இரு, நல்ல சகுனம் நடக்கையில பேசாத" என்றார். இப்படி நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச எனக்கா தைரியம் இருக்கும்? தூணைத் தேடினேன். தூணும் தூரத்தில் இருந்தது.

வள்ளிக்கண்ணு காப்பியைக் கொடுத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். சொன்னபடியே காலை நன்றாக நீட்டினாள். சம்பந்தியம்மாள் எழுந்து, எல்லோரும் பார்க்கவே, பின்பக்கம் போய்க் குனிந்தார். வாசல் வழியாக வந்த வெயில் குதிகாலில் பட்டு, எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டம் ஆடியது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் பார்த்தேன்.

அவர் நிமிர்ந்து, வாயை லேசாகப் பிளந்து, கஷ்டப்பட்டு மூன்று சொல் சொன்னார்: "காலுக்கு என்னா போட்டீக?"

"எம்மருமக காய்ச்சுன மருந்து மதினி!" என்று மாமியார் பூரித்துவிட்டார். "ஏத்தா அழகு, அந்தச் சிரட்டைய எடுத்துட்டு வா."

அடுப்போரம் இருந்த சிரட்டையோடு போனேன். சம்பந்தியம்மாள் புதுக் கோரைப்பாயில் உட்கார்ந்து, புடவையைக் கணுக்கால் வரை தூக்கி, காலை என் முன்னால் நீட்டினார். ஊரார் குதிகாலை எல்லாம் குற்றம் சொன்னவருடைய குதிகால்! வள்ளிக்கண்ணுவுடையது வரப்பு என்றால் இது வாய்க்கால். பாவம், பனி யாரை விட்டது?

"போடு" என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

"இது ஒட்டும், வேணாம்" என்ற வாக்கியம் என் தொண்டை வரை வந்தது. அங்கே அத்தனை ஆண்கள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மாமியார் வேறு, "நல்லாப் போடு, கஞ்சத்தனம் பண்ணாத" என்று முதுகில் தட்டினார். போட்டேன். வெடிப்பு பெரிதாக இருந்ததால் சிரட்டையில் பாதி காலியாகிவிட்டது. அடிப்பாதம் வரை பூசினேன். மருந்து வெதுவெதுப்பாக இருந்ததால் அவர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். (அந்த முகத்தில் வந்த முதல் நல்ல களை அதுதான். அதையும் நான்தான் வரவழைத்தேன், பிற்பாடு நடந்ததையும் நான்தான் வரவழைத்தேன்.)

வள்ளிக்கண்ணுவை அதே பாயின் மறுகோடியில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். நடுவில் தேங்காய், பழம், வெற்றிலைத் தட்டு, பூப்பந்து. பாயின் ஓரத்தில் மாமியார். ஊர்ப் பேச்சு, உறவுப் பேச்சு எல்லாம் ஓடியது. நான் மட்டும் அந்த நான்கு குதிகால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாசல் வழியாகக் குளிர்ந்த வாடை வீசிக்கொண்டே இருந்தது. இளகின மருந்து இறுகுகிற காற்று.

"நேரமாச்சு. ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. பூவ வைத்தா" என்றார் தாய்மாமன்.

சம்பந்தியம்மாள் எழுந்து நின்றார். பூப்பந்தை எடுத்தார். வள்ளிக்கண்ணுவிடம் போக ஒரு அடி எடுத்து வைத்தார்.

பாய் கூடவே வந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. காலை உதறினார். பாய் எழும்பித் தட்டின்மேல் விழுந்தது. தேங்காய் உருண்டு மாமனார் காலடிக்குப் போனது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், அடியிலிருந்த பாய் இழுபட்டதும் மல்லாக்கச் சாய்ந்தார். "ஆத்தாடி!" என்று பதறி எழுந்த வள்ளிக்கண்ணு தாயைப் பிடிக்க ஓடினாள். இவள் ஓடவும் பாயின் இந்தக் கோடியும் எழுந்தது. சம்பந்தியம்மாளும் வள்ளிக்கண்ணுவும் ஒரே பாயில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இவள் காலைத் தூக்கினால் அவர் ஆடினார். அவர் இழுத்தால் இவள் சாய்ந்தாள். ஒரே நுகத்தில் பூட்டின இரண்டு மாடுகள், ஒன்று வயலுக்கும் ஒன்று வீட்டுக்கும் போகப் பார்ப்பதுபோல் இருந்தது. பூப்பந்து மட்டும் சம்பந்தியம்மாள் கையில் பத்திரமாக இருந்தது.

"என்னாடி செஞ்சே?" என்றார் மாமியார், படுத்தபடியே, கூரையைப் பார்த்து.

நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். விரலில் மருந்து இருந்தது. மறுபடி எடுக்கப் பார்த்தால் முன்மயிர் விரலோடு வந்தது. அப்படியே நின்றுவிட்டேன், விரல் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டு.

எல்லோரும் சம்பந்தியம்மாளைத்தான் பார்த்தோம். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. வந்த இடத்தில் இப்படி அவமானப்பட்டுவிட்டோமே என்று அழுகிறார்! வள்ளிக்கண்ணுவின் முகம் செத்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க அத்த" என்று விம்மினாள்.

சம்பந்தியம்மாள் முந்தானையை எடுத்தார். வாயெல்லாம் ரத்தம். வாய் நிறையச் சிரிப்பு.

"ஐயோ… சிரிக்க வைக்காதீகடி…" என்று உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒதடு மூணு எடத்துல வெடிச்சுக் கெடக்கு. சிரிச்சாப் பிச்சுக்கிட்டு ரத்தம் வருது. இந்தப் பனி வந்ததுல இருந்து வாயத் தொறக்காம இருக்கேன். இந்த அண்ணே மாட்டுக் கதை சொல்றாக, நான் செவுத்தப் பாத்து அடக்குனேன். பல்லிங்கிறாக, நான் உள்ளுக்குள்ள செத்தேன். பல்லியா அது? அந்தப் புள்ளை காலு! எனக்கு அப்பயே தெரியும்."

"தெரிஞ்சா பின்ன ஏன் மதினி நீங்களும் போட்டுக்கிட்டீக?" என்று மாமியார் எழுந்து உட்கார்ந்தார்.

"வெடிப்பு எரியிதே! ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுதுன்னு போட்டேன். இம்புட்டு ஒட்டும்னு யாரு கண்டா?"

"ராகுகாலம்!" என்று தாய்மாமன் கத்தினார். "இன்னும் இம்புட்டுத்தான் இருக்கு. மொதல்ல பாய அறுங்க."

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி வெந்நீரை ஊற்றினாள். மருந்து பசை நூலாக நீண்டது, விடவில்லை. என் வீட்டுக்காரர் அரிவாளோடு வந்தார். அரிவாளைப் பார்த்ததும் சம்பந்தியம்மாள், "காலு என்னுது, பாயி ஒங்களுது, பாத்து அறுங்க" என்றார். மாமனார் மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பூ வைக்க வந்தவளக் கொளுத்தப் போறீகளா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் மறுபடி உதட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

தாய்மாமன் கடிகாரத்தைத் தூக்கி எல்லோர் முகத்துக்கும் காட்டினார். "முடியப் போகுது. இன்னைக்கு விட்டா மாசி மாசந்தான். பாய எடுத்துட்டு இன்னொரு நாளைக்கு வருவமா?"

வள்ளிக்கண்ணு பாயின் அந்தக் கோடியில் தலை குனிந்துகொண்டு நின்றாள். அவள் கண்ணீர் சொட்டி, மருதாணிச் சிவப்பு மங்காத அந்தக் காலில் விழுந்தது. இன்னொரு நாள் என்று போனவர்கள் திரும்பி வந்ததை அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் கண்டதில்லை.

சம்பந்தியம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பாயோடு காலை இழுத்து இழுத்து, சரக், சரக் என்று நகர ஆரம்பித்தார். நடுவில் பாய் மடிந்து மேடாகிவிட்டது. அதைத் தாண்டினார். தாண்டும்போது என் மாமனார் தன்னை அறியாமல் மாட்டுக்குச் சொல்வதுபோல் "ஹை, ஹை" என்றார். பாயின் மறுகோடிக்கு வந்து, வள்ளிக்கண்ணுவின் மோவாயைத் தூக்கினார்.

"எந்திரிச்சுப் போவம்னாலும் போக விடலையே இந்தப் பாயி" என்று சொல்லி, தலையில் பூவை வைத்தார். அவர் உதட்டிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் பூவில் விழுந்தது. "இந்தக் குங்குமமும் சேந்துக்கிருச்சு" என்றார்.

தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்து, "ஆங்!" என்றார். அவ்வளவுதான், நேரம் முடிந்தது. ராகுகாலம் பிறந்தது.

காலை எடுத்த கதை தனி. வெள்ளைப் பணியாரம் சுட வைத்திருந்த எண்ணெயை ஆற்றி, பெரிய தாம்பாளத்தில் ஊற்றி, இரண்டு பேரையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒட்டின பாயோடு காலை அதில் ஊற வைத்தோம். பிசினுக்கு எண்ணெய்தான் ஆகும் என்று மாமியார் அப்போதுதான் சொன்னார். ஊற நெடுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் மாமியாராகப்போகிறவரும் மருமகளாகப்போகிறவளும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை சின்ன வயதில் எப்படி இருந்தார், எதற்கு அழுவார், எந்தப் பலகாரத்துக்குப் பாய்வார் என்று எல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. நான் நெய் கொண்டுவந்து கொடுக்க, அவர் உதட்டில் தடவிவிட்டாள் வள்ளிக்கண்ணு. விருந்தாளிகளுக்குப் பணியாரம்தான் கிடைக்கவில்லை. "வாசனை மட்டும் எங்காலுல வருது" என்று சொல்லிக்கொண்டு வண்டி ஏறினார் சம்பந்தியம்மாள்.

பிற்பாடு என் அம்மா வந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. "ஒரு கரண்டி எண்ணெய்க்கு ஒரு சுண்டைக்கா அளவுடி! நீ போட்டதுக்குத் தோணியில ஓட்டைய அடைக்கலாம்!" மிச்சமிருந்த மருந்தால் மாமனார் ஓட்டை வாளியை அடைத்தார். நன்றாக நின்றது.

கல்யாணம் பங்குனியில் நடந்தது. வள்ளிக்கண்ணு திருப்பத்தூருக்குப் போய், பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தாள். அந்த மாமியார் கண்ணை மூடும் வரை இரண்டு பேருக்கும் ஒரு மனஸ்தாபம் வந்தது கிடையாது. அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் மட்டும் அன்றைக்குத் தொற்றிக்கொண்டது. பாயிலிருந்து எழுந்தால் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள், பாய் கூட வருகிறதா என்று. முதலில் சம்பந்தியம்மாள் வேடிக்கைக்குச் செய்தார். அப்புறம் அவர் பிள்ளைகள் செய்தார்கள். அதைப் பார்த்து அவர்கள் பிள்ளைகள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் வள்ளிக்கண்ணுவின் பேரனுக்குக் கல்யாணம். புதிதாக வந்த பெண் பட்டணத்தில் படித்தவள், எல்லாவற்றையும் விசாரித்துத் தெரிந்துகொள்கிற பிள்ளை. விருந்து முடிந்து பாயிலிருந்து எழுந்தவர்கள் எல்லோரும் வரிசையாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறாள்.

"இது என்ன அத்தை, எதுக்குப் பாக்குறாங்க?" என்று தன் மாமியாரைக் கேட்டாள்.

"அது நம்ம வீட்டுச் சாங்கியம்" என்றாள் அந்த மாமியார். அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயிலிருந்து எழுந்து, பயபக்தியோடு திரும்பிப் பார்த்து, குனிந்து பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணு என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டாள். நான் அவசரமாகப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துக்கொண்டேன்.